ஒரே ஊர்ல ரெண்டு மணி: லெபனான்ல ஒம்போது நாள்

நாள் 1, மார்ச் 22 2023, புதன்

குவைத்லேர்ந்து பெய்ரூட் மூணு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம், ஆனா இந்தப் பயணத்துக்கு நான் பத்து வருசமா காத்திருந்தேன். ஆபீஸ்ல என் பக்கத்து சீட்ல இருந்த லெபனான் நண்பர் 2018ல வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிட்டார், சம்பாதிச்சத மொத்தமா ஊர் பேங்க்ல போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்னு. அடுத்த வருசமே பேங்க் எல்லாம் கதவ சாத்திருச்சு. பணம் பாஸ்புக்ல இருக்கு, கைக்கு வராது. போன்ல கேட்டப்ப எல்லாம் "நீ ஒரு தடவ வா, பேசிக்கலாம்"னு மட்டும் சொல்வார். அதான் வந்துட்டேன்.

ஏர்போர்ட்ல கார் கொண்டு வந்திருந்தார். தலை முழுக்க நரைச்சிருச்சு. வெளிய வந்ததும் நூறு டாலர் மாத்தினேன், கைல ஒரு செங்கல் மாதிரி நோட்டுக்கட்டு. இந்த ஊர்ல பெரிய நோட்டே ஒரு லட்சம் லிராதான், 2019க்கு முன்னாடி அது 66 டாலர், இப்ப ஒரு டாலர்கூட முழுசா இல்ல. நேத்து ஒரு நாள் மட்டும் டாலர் 1,40,000 வரைக்கும் போயிட்டு இறங்கிருக்கு. இன்னிக்கு காலைல டவுன்டவுன்ல ரிட்டயர்டு ராணுவக்காரங்க பென்ஷன் கேட்டு போராடியிருக்காங்க, கண்ணீர்ப்புகை அடிச்சிருக்காங்க. நாட்டுக்காக இருபது வருசம் துப்பாக்கி தூக்கினவங்க மேல புகை அடிக்கிறத ரேடியோல கேட்டுட்டே நண்பர் கார் ஓட்டினார், ஒண்ணும் பேசல.

வீடு பெய்ரூட்ல பதாரோங்கற ஏரியால, அஞ்சாவது மாடி. அரசாங்க கரன்ட் ஒரு நாளைக்கு ரெண்டு மூணு மணி நேரந்தான், மிச்சத்துக்கு தெரு ஜெனரேட்டர்காரர்கிட்ட மாசச் சந்தா, அதுக்கு இங்க "இஷ்திராக்"னு பேரு. அஞ்சு ஆம்பியர் கனெக்‌ஷன், வாஷிங் மெஷினும் ஹீட்டரும் ஒண்ணா போட்டா ட்ரிப் ஆயிடும். லிஃப்ட் எப்ப ஓடும்னு கதவுல டைம் டேபிள் ஒட்டியிருக்கு.

நாள் 2, மார்ச் 23, வியாழன்

இன்னிக்கு நோன்பு தொடங்கிருச்சு. நண்பர் ஷியா முஸ்லிம், தெக்க நபத்தியே பக்கம் ஒரு கிராமம். அவர் மனைவி கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், கிழக்கு பெய்ரூட்ல அஷ்ரஃபியேல பொறந்து வளர்ந்தவங்க, நர்ஸ். பதாரோல வீடு எடுத்ததுக்கே காரணம் இதுதான்னு சொன்னாங்க, இங்கேர்ந்து ரெண்டு பேரோட அம்மா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். அவர் நோன்பு பிடிக்கிறார், அவங்க அவர் எதிர்ல காபிகூட குடிக்கல, எனக்கு மட்டும் கீழ பேக்கரில ஸஅதர்ங்கற மூலிகைப் பொடி தடவுன மனூஷே ரொட்டி வாங்கிக் குடுத்து "நீ சாப்புடு, அவருக்கு பழக்கம்"னாங்க.

காலைல நடந்தே சோதெக்கோ போனோம். முனைல ஒரு மஞ்சக் கல் கட்டடம், 1924ல யூசுஃப் அஃப்திமுஸ்ங்கற ஆர்க்கிடெக்ட் கட்டினது, அழகான தூண், வளைவு, நடுவுல ஆகாயம் தெரியுற மாதிரி திறப்பு. அந்தத் திறப்பு வழியா தெரு முழுக்கத் தெரியும்ங்கறதாலயே 1975லேர்ந்து 1990 வரைக்கும் நடந்த உள்நாட்டுப் போர்ல ஸ்னைப்பர்காரங்க இத புடிச்சு வச்சுக்கிட்டாங்க. உள் சுவர்ல மணல் மூட்டை அடுக்கி, ஓட்டை போட்டு, அது வழியா கிழக்கும் மேற்கும் கடக்குறவங்கள சுட்டிருக்காங்க. போர் முடிஞ்சதும் இடிக்கப் பாத்திருக்காங்க, மோனா ஹல்லாக்னு ஒரு ஆர்க்கிடெக்ட் வருசக்கணக்கா போராடி காப்பாத்தினாங்க, இப்ப பேரு பேய்த் பெய்ரூட். குண்டு துளைச்ச தூண அப்படியே விட்டு வச்சிருக்காங்க. ரொம்ப நல்ல காரியம்னு எனக்குப் பட்டுச்சு, ஏன்னா இந்த ஊர் டவுன்டவுன்ல மத்த எல்லாத்தையும் பூசி மெழுகிட்டாங்க.

இதுக்கு முன்னாடி போற டமாஸ்கஸ் ரோடுதான் போர்ல ஊர ரெண்டாப் பிரிச்ச பச்சைக் கோடு. கிழக்கே கிறிஸ்தவங்க, மேற்கே முஸ்லிம்கள். ஆள் நடமாட்டம் இல்லாம புல்லும் மரமும் மொளச்சு பச்சையா கிடந்ததால அந்தப் பேருன்னு சொல்றாங்க. நண்பருக்கு அப்ப சின்ன வயசு. அந்தக் காலத்து அடையாள அட்டைல மதப்பிரிவு எழுதியிருக்கும், செக்போஸ்ட்ல அட்டையப் பாத்து காரவிட்டு இறக்கிச் சுட்டாங்க. 1975 டிசம்பர் 6 ஒரே நாள்ல நூத்துக்கணக்கான பேர் அப்படிச் செத்தாங்க, கருப்புச் சனின்னு பேர். நண்பரோட மாமா துறைமுகத்துல வேலை, அன்னிக்கு வீட்டுக்கு வரல, உடம்பும் கிடைக்கல. பாட்டி சாகுற வரைக்கும் அவருக்கு ஒரு தட்டு சோறு எடுத்து வச்சிட்டேதான் இருந்தாங்களாம்.

இப்ப அட்டைல மதம் இல்ல. ஆனா சிவில் பதிவேட்டுல இருக்கு, பொறந்த உடனே அப்பாவோட பிரிவு புள்ளைக்கு விழுந்துடும். அதிகாரபூர்வமா 18 பிரிவு. ஜனாதிபதி மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியான்னு 1943ல வாய்மொழியா ஒரு ஏற்பாடு, அது இன்னிக்கும் ஓடுது. பாராளுமன்றத்துல 128 சீட், பாதிப் பாதி, அதுக்குள்ளயும் இந்த சீட் துரூஸ்ங்கற பிரிவுக்கு, அந்த சீட் ஆர்மீனியனுக்குன்னு பேர் போட்டே இருக்கு. மக்கள்தொகைக் கணக்கு கடைசியா எடுத்தது 1932ல. அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல, எடுத்தா இந்தப் பங்கீடு ஆடிரும்னு பயம். ஓட்டு போடுறதும் இருக்குற ஊர்ல இல்ல, தாத்தா ஊர்ல. நண்பர் பொறந்ததுலேர்ந்து பெய்ரூட்தான், ஓட்டு மட்டும் நபத்தியேல. அதனால இங்க புதுசா ஒருத்தரப் பாத்தா முதல் கேள்வி "மின் வேன்?", எந்த ஊருன்னு. ஊரையும் குடும்பப் பேரையும் சொன்னா போதும், மதம் தெரிஞ்சிடும். கேள்வி கேக்குறவர் சிரிச்சிட்டேதான் கேக்குறார், பதில் சொல்றவர் ஒரு நொடி யோசிச்சுட்டுச் சொல்றார். அந்த ஒரு நொடி எனக்கு நல்லா கண்ணுல பட்டுச்சு.

ராத்திரி நியூஸ்ல ஒண்ணு சொன்னாங்க. வழக்கமா மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி முன்னாடி தள்ளி வைப்பாங்க, கோடை நேரம். இந்த வருசம் நோன்பு முடியுற வரைக்கும், ஏப்ரல் 20 தாண்டித்தான் மாத்துவோம்னு காபந்து பிரதமர் நஜீப் மிக்காத்தி முடிவு பண்ணிருக்கார். சபாநாயகர் நபீஹ் பெர்ரி கேட்டாராம், ஏழு மணிக்கு பதிலா ஆறு மணிக்கு நோன்பு திறக்கலாமேன்னு. அதுக்கான வீடியோவே வெளிய வந்திருச்சு, விமானங்க என்னாகும்னு மிக்காத்தி கேக்க, என்ன விமானம்னு பெர்ரி திருப்பிக் கேக்குறார். நண்பர் கோவத்தோட டிவிய அணைச்சார். "நோன்பு இருக்குறது நான். சூரியன் எறங்குனாதான் நோன்பு திறக்கணும், கடிகாரத்துல என்ன நம்பர் இருந்தா எனக்கென்ன, பட்டினி கிடக்குற மணி நேரம் குறையப் போகுதா? என்னைக் கேட்டாரா?"

நாள் 3, மார்ச் 24, வெள்ளி

திரிப்போலி. வடக்க எண்பது கிலோமீட்டர் சொச்சம். பெய்ரூட்ட விட எனக்கு இந்த ஊர்தான் புடிச்சுது, பழைய மம்லூக் காலத்து சந்து, சோப்புக் கடை, செருப்புக் கடை, நகைக்கடைத் தெரு. நோன்பு நேரங்கறதால பகல்ல ஊரே மெதுவா நகருது. பிரேசில் ஆர்க்கிடெக்ட் ஆஸ்கர் நீமையர் வரைஞ்ச பெரிய கண்காட்சி மைதானம் இங்கதான் இருக்கு, 1975ல போர் வந்ததும் வேலை நின்னது நின்னதுதான், போன ஜனவரிலதான் யுனெஸ்கோ இத அழியுற ஆபத்துல இருக்குற பாரம்பரியச் சின்னம்னு பட்டியல்ல சேத்துச்சு. கான்க்ரீட் கூடாரத்துக்குள்ள கை தட்டினா எதிரொலி நாலஞ்சு தடவ சுத்திட்டு வருது.

அப்புறம் சிரியா தெரு. ஒரு பக்கம் பாப் அல் தப்பானே, சுன்னி ஏரியா. மேட்டுல ஜபல் மொஹ்சன், அலவிங்கற வேற பிரிவு ஏரியா. நடுவுல இந்த ஒத்தத் தெரு. 2008லேர்ந்து 2014 வரைக்கும் ரெண்டு பக்கமும் திரும்பத் திரும்பச் சண்டை, சிரியாப் போர் ஆரம்பிச்சதும் இன்னும் மோசம். 2013 ஆகஸ்ட்ல வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துல தக்வா, சலாம்னு ரெண்டு பள்ளிவாசல் வாசல்ல கார் குண்டு வெடிச்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க. 2014ல ராணுவம் உள்ள வந்ததும் அடங்குச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி உடைஞ்ச ஜன்னல், ஒரே வேலையில்லாத் திண்டாட்டம். துப்பாக்கி வாங்க மட்டும் யாரோ காசு குடுத்திருக்காங்க. டீக்கடைல ஒரு பையன் சட்டையத் தூக்கி தழும்பு காட்டினான். 2015ல மார்ச்ங்கற அமைப்பு ரெண்டு பக்கத்துப் பசங்களையும் ஒண்ணா சேத்து நாடகம் போட்டுச்சாம், அதுல இவன் சிநேகிதன் நடிச்சானாம். ஒத்திகைக்குப் போனப்பதான் எதிர்ல சுட்டுட்டு இருந்தது யாருன்னு மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுதுன்னு சொன்னான்.

சாயங்காலம் தெருவுல பெரிய பித்தளைப் பாத்திரத்த முதுகுல கட்டிட்டு ஒருத்தர் ஜூஸ் வித்தார். என்னன்னு கேட்டேன், "தமர் ஹிந்தி"ன்னார். குடிச்சா நம்ம பானகம்! வெல்லத்துக்கு பதிலா சீனி, அவ்வளவுதான். இந்தியப் பேரீச்சம்பழம்னு அர்த்தமாம், புளிய இவங்க அப்படித்தான் சொல்றாங்க. நான் இந்தியன்னு சொன்னதும் காசு வாங்க மாட்டேன்னுட்டார்.

நாள் 4, மார்ச் 25, சனி

இன்னிக்கு அரசு விடுமுறை. கபிரியேல் தூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாள். குர்ஆன்லயும் மரியம் பேர்ல ஒரு அத்தியாயமே இருக்கு, ஜிப்ரீல் வந்து சொன்ன கதையும் இருக்கு. அதனால 2010லேர்ந்து இத ரெண்டு மதத்துக்கும் பொதுவான தேசிய விடுமுறையா ஆக்கிருக்காங்க. இந்த மாதிரி ஒரு நாள் வேற எந்த நாட்டுலயும் நான் கேள்விப்பட்டதில்ல.

நண்பரோட மனைவி என்ன ஹரீசா கூட்டிட்டுப் போனாங்க. ஜூனியே வளைகுடா மேல மலை உச்சில வெள்ளையா மாதா சிலை, 1908லேர்ந்து இருக்கு. அடில சுருள் படிக்கட்டு ஏறிப் போகணும். மெழுகுவத்தி ஏத்துறவங்கள்ல பாதிப்பேர் தலைல முக்காடு போட்ட முஸ்லிம் பொம்பளைங்க, குழந்தை வேணும்னு, புள்ளைக்கு விசா கிடைக்கணும்னு வேண்டிட்டு நிக்கிறாங்க. கீழ கடல், மேல பனி ஒட்டியிருக்குற மலை.

இறங்குறப்ப அவங்க கல்யாணக் கதைய சொன்னாங்க. லெபனான்ல பதிவுத் திருமணம்னு ஒண்ணு கிடையாது, கல்யாணம், விவாகரத்து, வாரிசு எல்லாம் அவங்கவங்க மத கோர்ட்ல. ரெண்டு மதம்னா பெரும்பாலும் ஒருத்தர் மாறணும், இல்லன்னா சைப்ரஸ் போகணும். விமானம் ஏறி அரை மணி சொச்சம், லார்னகா முனிசிபாலிட்டில கையெழுத்து, திரும்பி வந்து இங்க பதிவு பண்ணா செல்லும். அடுத்த நாட்டுல போய் கட்டினா ஒத்துக்குற அரசாங்கம் உள்ளூர்ல கட்ட விடாது. 2009ல அப்போதைய உள்துறை மந்திரி ஸியாத் பாரூத், பதிவேட்டுல மதத்த வேணாம்னா நீக்கிக்கலாம்னு சுற்றறிக்கை விட்டார், அத வச்சு 2012ல கொலூத் சுக்கரியே, நிதால் தர்வீஷ்னு ஒரு ஜோடி உள்நாட்டுலயே பதிவுத் திருமணம் பண்ணி, 2013ல அது பெரிய செய்தியாச்சு. ஆனா பாதை திறக்கல.

"கட்டிக்கிறது சுலபம், செத்தாதான் கஷ்டம்"னாங்க. ஷரியா கணக்குப்படி முஸ்லிம் புருசனோட சொத்து வேற மதத்துப் பொண்டாட்டிக்கு வாரிசா வராது. அதனால வீட்ட வாங்குறப்பவே ரெண்டு பேர் பேர்லயும் வாங்கிருக்காங்க. கல்லறையும் பிரிவு பிரிவாத்தான். அவங்கள அஷ்ரஃபியேல மார் மித்ர் கல்லறைல அவங்க அப்பா பக்கத்துல வைப்பாங்க, அவர கிராமத்துல. "இருவது வருசம் ஒரே கட்டில்ல தூங்கிட்டு கடைசில எழுபது கிலோமீட்டர் தள்ளித் தள்ளிப் படுக்கணும்"னு சொல்லிட்டு ரோட்டப் பாத்தே ஓட்டினாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

ராத்திரி வீட்ல ஒரே போன். அரசாங்க முடிவ ஏத்துக்க மாட்டோம், யாரையும் கேக்காம எடுத்தது, நாங்க இன்னிக்கு நள்ளிரவே கடிகாரத்த மாத்துறோம்னு மாரோனைட் சபை சொல்லிருச்சு. எம்டிவி, எல்பிசிங்கற உள்ளூர் டிவி சேனல்களும் அப்படியே. போன் கம்பெனிங்க, செட்டிங்ஸ்ல போய் மணிய நீங்களே கையால மாத்திக்கங்கன்னு மெசேஜ் அனுப்புறாங்க. ஏர்லைன்ஸ் பழைய மணியே வச்சுக்கும், ஆனா விமானம் ஒரு மணி முன்னாடி கிளம்பும்னு அறிவிப்பு. நண்பரோட பொண்ணு, பதினாறு வயசு, அம்மாகிட்ட கேட்டா: "நம்ம வீடு எந்த டைம்?"

நாள் 5, மார்ச் 26, ஞாயிறு

காலைல எழுந்தப்ப ஹால் கடிகாரம் எட்டு, நண்பரோட பையன் போன்ல ஒம்போது. என் குவைத் சிம்ல ஒம்போது. ஒரே சோபால உக்காந்துட்டு ரெண்டு மணி.

பத்தரைக்கு (புது நேரம்) தோராங்கற ஏரியாவுக்குப் போனேன். ஞாயித்துக்கிழமை அங்கதான் வீட்டு வேலைக்கு வந்தவங்க எல்லாம் கூடுவாங்கன்னு சொல்லியிருந்தாங்க. எத்தியோப்பியா, பிலிப்பைன்ஸ், பங்களாதேஷ், இலங்கை எல்லா முகமும் இருக்கு. கருவாடு, டின் மீன், தேங்காப்பால் பவுடர் விக்கிற கடை வாசல்ல தமிழ்ச் சத்தம் கேட்டு நின்னுட்டேன். ஒரு அக்கா, ஐம்பது இருக்கும், "தம்பி எந்த ஊரு?"ன்னாங்க. மூணு நாளா இந்தக் கேள்விய வேற மாதிரி கேட்டுக் கேட்டு, இவங்க கேட்டதும் மனசு அப்படியே லேசாச்சு.

ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். வந்து பத்தொம்போது வருசம். அஷ்ரஃபியேல ஒரே வீடு. 2006 போர் அப்ப மேடம் குடும்பத்தோட மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். இவங்க வந்த புதுசுல வீட்டு வேலைக்காரின்னாலே "ஸ்ரீலங்கியே"ன்னுதான் சொல்வாங்களாம், பிலிப்பைன்ஸ் பொண்ணா இருந்தாலும். நாட்டோட பேரே ஒரு வேலையோட பேராப் போச்சு. பேப்பர் எல்லாம் முதலாளி பேர்ல கட்டிப் போட்டிருக்கு, கஃபாலா முறை. டாலர் ஏறினப்புறம் சம்பளம் பாதி ஆச்சு, 2020ல எத்தியோப்பியா துணைத் தூதரக வாசல்லயே எத்தனையோ பொண்ணுங்கள காருல கொண்டு வந்து இறக்கி விட்டுட்டுப் போனாங்க, அத இவங்க நேர்ல பாத்திருக்காங்க.

அவங்க மணியப் பாத்துட்டே இருந்தாங்க. என்னக்கான்னேன். "நாங்க நாலு பேரு தம்பி, ஞாயிறு ஞாயிறு சந்திப்போம். எங்க மேடம் கிறிஸ்டியன், அவங்க வீட்ல இப்ப புது டைம். அவளுக ரெண்டு பேரு தாஹியே பக்கம் முஸ்லிம் வீட்டுல, அங்க பழைய டைம். நான் பத்துக்கு வந்துட்டேன், அவளுக பத்துக்குத்தான் வருவாளுக, ஆனா எனக்கு அது பதினொண்ணு. நான் அஞ்சுக்கு வீட்ல நிக்கணும், அவளுகளுக்கு அது நாலுதான். ஒரு மணித்தியாலம் போச்சு." வாரத்துக்கு ஒரு நாள், அதுல ஏழு மணி நேரம், அதுல ஒண்ணு போச்சு. இந்த ஊர்ல எந்தக் கட்சியும், எந்தச் சபையும், எந்த டிவியும் இவங்க கணக்க எடுத்திருக்காதுன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. குவைத்ல அவங்க தங்கச்சி இருக்காங்களாம், சால்மியால வீட்டு வேலை. ஆலிவ் சோப்பு நாலு, ஸஅதர் ஒரு பாக்கெட், குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், பார்சல் கட்டி என்கிட்ட குடுத்தாங்க.

சாயங்காலம் நண்பரோட அம்மா வீட்ல நோன்பு திறக்கப் போகணும், பெய்ரூட்டோட தெக்குப் புறநகர் தாஹியேல. அஷ்ரஃபியே மாமியாரையும் கூப்பிட்டிருந்தாங்க. எத்தன மணிக்கு வரணும்னு ரெண்டு கிழவிங்களும் போன்ல பத்து நிமிசம். ஆறுன்னா எந்த ஆறு? கடைசில தாஹியே அம்மா சொன்னாங்களாம், "சூரியன் கடல்ல எறங்குறதுக்கு முன்னாடி வந்துரு, மணியெல்லாம் விடு."

வீட்லேர்ந்து தாஹியே போக தையூனே ரவுண்டானா தாண்டணும். இடது கைப்பக்கம் ஐன் எர்ரும்மானே, கிறிஸ்தவ ஏரியா. வலது கைப்பக்கம் ஷியாஹ், ஷியா ஏரியா. 1975 ஏப்ரல் 13 பாலஸ்தீனர்கள் போன பஸ்ஸ மறிச்சுச் சுட்டது இந்த ஐன் எர்ரும்மானேலதான், 27 பேர் செத்தாங்க, காலைல அங்க சர்ச் வாசல்ல நடந்த கொலைக்குப் பதிலுக்கு. பதினஞ்சு வருசப் போர் அங்கேர்ந்து கிளம்புச்சு. ஒன்றரை லட்சம் பேர் செத்ததா கணக்கு, காணாமப் போனவங்க 17,000. 1991ல பொது மன்னிப்புச் சட்டம் போட்டாங்க, போர்ல படை நடத்தினவங்களே மந்திரி, எம்பி ஆனாங்க. பெர்ரியும் அப்ப அமல்ங்கற ஷியா படைக்குத் தலைவர், 1992லேர்ந்து சபாநாயகர்.

போர்னா பழங்கதைன்னு நெனைக்க வேணாம். 2021 அக்டோபர் 14 இதே ரவுண்டானால துறைமுக வெடிப்பு விசாரணை நீதிபதிக்கு எதிரா ஊர்வலம் போனப்ப துப்பாக்கிச் சூடு, ஏழு பேர் செத்தாங்க, அதுல ஒருத்தங்க வீட்டுக்குள்ள இருந்த அம்மா. நண்பரும் மனைவியும் நாலு மணி நேரம் ஜன்னல் இல்லாத நடைபாதைல படுத்துக் கிடந்திருக்காங்க. பையன் ஸ்கூல்ல பெஞ்சுக்கு அடில இருந்தான். கார் அந்த ரவுண்டானாவச் சுத்த இருபது செகண்டு ஆச்சு.

அம்மா வீட்ல பெரிய மேசை. பேரீச்சம்பழம், பருப்பு சூப், ஃபத்தூஷ், கிப்பே, அரிசியும் கோழியும். பக்கத்து பள்ளிவாசல்லேர்ந்து பாங்கு வந்தும் இவங்க கைய நீட்டல, சுன்னி பாங்கு அது, ஷியாக்கள் செவ்வானம் மறையுற வரைக்கும் இன்னும் கொஞ்சம் பொறுப்பாங்க. இந்தக் கால் மணி வித்தியாசம் ஆயிரம் வருசமா இருக்கு, இதுக்காக யாரும் டிவில உக்காந்து அடிச்சுக்கல. அஷ்ரஃபியே பாட்டியும் அவங்களோட சேந்து பொறுத்தாங்க. அப்புறம் ரெண்டு பாட்டியும் கிப்பேல பைன் விதை எவ்வளவு போடணும்னு பேச ஆரம்பிச்சாங்க, நிறுத்தவே இல்ல.

நாள் 6, மார்ச் 27, திங்கள்

காலைல வீடு போர்க்களம். பையன் ஸ்கூல் கிறிஸ்தவ நிர்வாகம், புது நேரம். நண்பர் ஆபீஸ் பழைய நேரம். அவர் மனைவி ஆஸ்பத்திரில புது நேரம், ஆனா ஷிஃப்ட் மாத்த வர்ற நர்ஸ் தெற்குப் பக்கத்துலேர்ந்து பழைய நேரத்துக்கு வந்தாங்க, இவங்க நைட் டியூட்டி முடிஞ்சும் ஒரு மணி நேரம் கூட நின்னுட்டு வந்தாங்க. கண்ணெல்லாம் செவப்பு. இந்த நாலு நாளா சமூக ஊடகத்துல வந்த பேச்சப் படிச்சா இன்னும் கஷ்டமா இருந்துச்சு, முஸ்லிம் மணி, கிறிஸ்டியன் மணின்னு, போர்க்காலத்து வார்த்தையெல்லாம் திரும்ப வெளிய வருது. பூமி சுத்துறத வச்சுப் பாக்குற மணி இது.

மத்தியானம் தனியா துறைமுகம் பக்கம் போனேன். பாதி இடிஞ்ச தானியக் கிடங்கு இன்னும் நிக்குது, வடக்குப் பகுதி போன வருசம் தீப்பிடிச்சுச் சரிஞ்சு விழுந்திருச்சு. 2020 ஆகஸ்ட் 4, சாயங்காலம் ஆறு மணி ஏழு நிமிசம். 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆறு வருசமா அங்க கிடந்திருக்கு, எல்லாருக்கும் கடுதாசி போயிருக்கு, யாரும் எடுக்கல. அது வெடிச்சு 200 பேருக்கு மேல செத்தாங்க. தீயணைக்கப் போன பத்து பேர்ல ஒருத்தர்கூட திரும்பல. ஊர் முழுக்க சுவர்க் கடிகாரம் கீழ விழுந்து அந்த நிமிசத்துலயே நின்னுருச்சாம். ஒவ்வொரு மாசமும் 4ஆம் தேதி குடும்பத்துக்காரங்க போட்டோவோட வந்து நிக்கிறாங்க, எல்லாப் பிரிவும் அந்த வரிசைல இருக்கு. விசாரணை மட்டும் எந்தப் பிரிவுத் தலைவரத் தொட்டாலும் நின்னுடுது. 2019 அக்டோபர்ல ஜனங்க தெருவுக்கு வந்தப்ப கத்தின கோஷம் சுவர்ல இன்னும் இருக்கு, "கில்லுன் யானி கில்லுன்", எல்லாரும்னா எல்லாருந்தான். தன் தலைவனையும் சேத்துத்தான்னு அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்த வாய்விட்டுச் சொல்ல இவங்களுக்கு முப்பது வருசம் ஆகியிருக்கு.

வீட்டுக்கு வந்தா செய்தி: மந்திரிசபை கூடி முடிவ வாபஸ் வாங்கிருச்சு, புதன் நள்ளிரவு எல்லாரும் சேந்து மாத்துறாங்க. பிரச்சினை மணில இல்ல, ஜனாதிபதி இல்லாததுலன்னு மிக்காத்தி சொல்லிருக்கார். அக்டோபர்லேர்ந்து அந்த நாற்காலி காலிதான், உண்மை. ஆனா நாலு நாளா அவதிப்பட்டவங்ககிட்ட ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

நாள் 7, மார்ச் 28, செவ்வாய்

ஷூஃப் மலை. துரூஸும் மாரோனைட்டும் காலங்காலமா கலந்து வாழ்ற ஊருங்க, 1860லயும் 1983லயும் ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்ட ஊருங்களும் இதுதான். 2001ல மாரோனைட் சபைத் தலைவர் பேட்ரியார்க் ஸ்ஃபேர் துரூஸ் தலைவரோட ஊரான முக்தாராவுக்கே வந்து சமாதானம் பேசினார். தேர் அல் கமர்ல மழை, ஒண்ணும் பாக்க முடியல. காபி போட்டுக் குடுத்த துரூஸ் பெரியவர் பக்கத்து காலி வீட்டக் காட்டினார், 83ல ஓடிப்போன கிறிஸ்தவக் குடும்பம், வீடு திரும்பக் கிடைச்சும் புள்ளைங்க ஆஸ்திரேலியால செட்டில் ஆயிட்டாங்க. சாவி இவர்கிட்டதான் இருக்கு. கோடைல ஜன்னலத் திறந்து காத்து விடுறாராம்.

நாள் 8, மார்ச் 29, புதன்

எங்கயும் போகல. மழை. நண்பர் பேங்க் பாஸ்புக்க எடுத்துக் காட்டினார், குவைத்ல நாங்க சேந்து ஓவர்டைம் பாத்த வருசமெல்லாம் அதுல நம்பரா இருக்கு. ஏன் திரும்ப வரக்கூடாதுன்னு கேட்டேன். "அம்மாங்க ரெண்டு பேர் இருக்காங்க"ன்னார்.

நள்ளிரவு பன்னண்டுக்கு அவர் மனைவி நாற்காலி போட்டு ஹால் கடிகாரத்தக் கழட்டி ஒண்ணாக்கினாங்க. பொண்ணு பக்கத்துல நின்னு பாத்தா. விடியுறதுக்கு முன்னாடி சாப்பிடுற சஹருக்கு எழும்ப இப்ப அலாரம் வேற மாதிரி வைக்கணும்னு நண்பர் போன எடுத்தார், தாஹியேல அம்மாவுக்கும் போட்டுச் சொன்னார்.

நாள் 9, மார்ச் 30, வியாழன்

குவைத் வந்துட்டேன். இறங்குனப்ப மணிய மாத்த வேண்டியிருக்கல, கோடை நேரத்துல ரெண்டு ஊருக்கும் ஒரே மணி. பார்சல் மேசை மேல இருக்கு, வீடெல்லாம் ஆலிவ் சோப்பு வாசம். தங்கச்சிக்கு போன் பண்ணேன். நாளைக்கு வெள்ளி, லீவு, நாலு மணிக்கு மாலியா வர்றேன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அக்கா எளச்சுட்டாளா அண்ணே? நான் அவளப் பாத்து எட்டு வருசம் ஆச்சு."

போட்டோ எடுத்திருக்கேன்மா, நாளைக்குக் காட்டுறேன்னு சொன்னேன்.